நீர் புகும் வழி

நுழையும்முன்

கடலில் செல்லும் கலத்திற்குப் புயலும் பாறையும் மட்டுமே பகை என்று நாம் எண்ணுகிறோம். இரண்டு பலகைகளுக்கிடையே நூலிழை அளவு இடைவெளி போதும். கலம் நாள்தோறும் கனத்துக்கொண்டே போகும். பாய்மரக் கலங்களில் நீர்க்கசிவு ஏன் ஏற்படுகிறது, அதனைத் தேடிக் கண்டறிவது எப்படி, அடைப்பது எப்படி என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கூரையும் கலமும்

மழைக்காலத்தில் மொட்டைமாடி வீடுகளில் மேற்கூரையின் உட்புறம் ஈரம் படர்வதைப் பலரும் பார்த்திருப்போம். ஈரம் கூடத்தின் நடுவில் தெரியும். அதற்கு நேர்மேலே மாடியில் சிமெண்டுப் பூச்சுப் பூசப்படும். அடுத்த மழையில் அதே இடம் மீண்டும் நனையும். உண்மையில் விரிசல் கைப்பிடிச் சுவரின் அடியில் இருக்கும். அங்கே புகுந்த நீர், கூரைக்குள் இருக்கும் கம்பியைப் பற்றிக்கொண்டு பத்தடி தூரம் ஊர்ந்து, தாழ்ந்ததோர் இடம் கிடைத்ததும் சொட்டத் தொடங்கியிருக்கும். அனுபவமுள்ள கொத்தனார் நனைந்த இடத்தைச் சற்று நேரமே பார்ப்பார். பிறகு மாடிக்குச் சென்று சரிவு எந்தப் பக்கம் என்பதைத்தான் பார்ப்பார்.

பாய்மரக் கலத்தில் நிகழ்வதும் இதுவே. ஆனால் அங்குச் சிக்கல் பன்மடங்கு பெரிது. வீடு அசைவதில்லை. கலமோ காற்றுக்கேற்ப ஒருபுறம் சாய்கிறது. அலைக்கேற்ப முன்னும் பின்னும் ஏறி இறங்குகிறது. வீட்டிற்கு மேலிருந்து மட்டுமே நீர் வரும். கலத்திற்கு மேலிருந்து மழையும், பக்கத்திலிருந்து அலையும், கீழிருந்து கடலும் வரும். இம்மூன்று நீரும் இறுதியில் ஒன்றுகூடுவது கலத்தின் அடிக்குழியில். அங்கே தேங்கியிருக்கும் நீரை மட்டும் பார்த்து, அது எவ்வழியே வந்தது என்று சொல்ல இயலாது. நீர் தெரியுமிடம் வேறு, நீர் புகுமிடம் வேறு என்பதே கசிவு தேடுவோர் முதலில் கற்கும் பாடம்.

ஒழுகாத கலமும் ஒழுகும் கலமும்

கசிவு என்னும் சிக்கலே இல்லாத கலம் ஒன்று நம் கடற்கரையில் பிறந்தது. அது கட்டுமரம். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்து அமைத்த அதற்கு உள்ளறை இல்லை. எனவே உள்ளே புக நீருக்கு இடமும் இல்லை. அலை மேலேறிக் கட்டைகளின் இடுக்கு வழியாக வடிந்துவிடும். மரம் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அது மிதக்கிறது. குழிந்த உடலைக் கொண்ட தோணி மிதப்பது வேறு வகையில்: தன் உள்ளே காற்றை வைத்துக்கொண்டு, நீரை வெளியே நிறுத்தி மிதக்கிறது. ஆகவே தோணியின் உயிர் அதன் பலகைப் பொருத்துகளில் இருக்கிறது.

சென்னையில் துறைமுகம் அமைவதற்கு முன், கப்பல்களிலிருந்து பயணிகளையும் சரக்குகளையும் கரைசேர்த்த மசூலாப் படகுகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை எனலாம். அவற்றில் ஆணியே இல்லை. பலகைகள் தென்னைநார்க் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. கரையில் மோதும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு வளைந்துகொடுத்து நிமிரும். அந்த நெகிழ்வுக்கு விலை உண்டு. தையல் இடுக்குகள் வழியே நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதனை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கசிவை அறவே நீக்குவதைவிட, கசிவோடு வாழ்வதே அந்த அலைவாய்க்கரைக்கு ஏற்றது என்று முடிவுசெய்தவர்களின் அறிவு வியக்கத்தக்கது.

கலப்பற்று

பலகைகளை ஆணியாலோ போல்ட்டாலோ இறுக்கிக் கட்டிய கலங்களில் பொருத்துவாயை அடைக்கும் தொழிலுக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். பேச்சுவழக்கில் கலப்பத்து என்பர். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளின் ஆயுள் இத்தொழிலாளர்களின் கையில் இருந்தது.

இரு பலகைகள் சேருமிடம் உட்புறம் ஒட்டியும் வெளிப்புறம் சற்றே விரிந்தும் இருக்குமாறு இழைக்கப்படும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அந்த இடுக்கு ஆப்பு வடிவில் தெரியும். அதனுள் திரித்த பஞ்சையோ நாரையோ வைத்து, மழுங்கிய வாயையுடைய கலப்பற்றுளியால் அழுத்தி, கொட்டாப்புளியால் அடித்து இறுக்குவர். அதன்மேல் நீர் ஒட்டாத பூச்சு வரும். இந்தியக் கடற்கரையில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவது வழக்கம். ஐரோப்பியர் தாரைப் பயன்படுத்தினர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் அளவறிதல் கடினம். பஞ்சு குறைந்தால் அலையின் அசைவில் உதிர்ந்துவிடும். மிகுந்தால் இன்னும் பெரிய தீங்கு நேரும். மரம் நீரில் ஊறும்போது அகலவாக்கில் பருக்கும். நீளவாக்கில் ஏறக்குறைய மாறாது. கரையில் பல மாதம் காய்ந்து கிடந்த தோணியின் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் வாய்பிளந்து நிற்கும். அதைக் கண்டு அஞ்சி, இடைவெளி முழுவதையும் பஞ்சால் இறுக நிரப்பினால், கடலில் இறக்கியபின் பருக்கும் பலகைகளுக்கு இடமிராது. அவை ஒன்றையொன்று நெருக்கி ஆணிகளை நெகிழச் செய்யும். அதனால் ஒழுகாத தோணி ஒழுகும் தோணியாகும். எனவே, காய்ந்த படகைக் கடலில் இறக்கியதும் ஓரிரு நாள் அது நீர் குடிப்பதைப் பொறுத்துக்கொண்டு, மரம் ஊறித் தானே வாய் மூடுகிறதா என்று பார்ப்பதே முறை. பொறுமையும் இங்கே ஒரு கருவி.

தெரிந்து தெளிவோம்

கலப்பற்று என்னும் சொல், இதே பொருளில் அரபு, போர்ச்சுகீசிய மொழிகளில் வழங்கும் சொற்களோடு ஒலியில் நெருங்கியது. கடலோடிகள் துறைமுகம்தோறும் சரக்கோடு சொற்களையும் இறக்கி ஏற்றியதற்கு இஃது ஒரு சான்று. கலத்தின் அடிமரத்தை ஏரா என்பதும் நம் கடற்கரை வழக்கே.

பொருத்துவாய் மட்டுமன்றிப் பலகையே ஓட்டையாவதும் உண்டு. வெப்பமண்டலக் கடல்களில் மரத்தைத் துளைத்து வாழும் கப்பற்புழு என்னும் உயிரினம், வெளியே ஊசிமுனை அளவு துளையிட்டு உட்புகுந்து, உள்ளே விரலளவு சுரங்கம் தோண்டும். வெளிப்பார்வைக்குப் பலகை நன்றாகவே இருக்கும். கொலம்பசின் நான்காம் பயணத்தில் எஞ்சியிருந்த இரண்டு கப்பல்கள் இப்புழுவால் சல்லடையாகி, 1503ஆம் ஆண்டு ஜமைக்காத் தீவின் கரையில் ஏற்றி நிறுத்தப்பட வேண்டியதாயிற்று. மரக்கலங்களின் அடியில் செப்புத் தகடு வேய்ந்ததற்கு முதன்மையான காரணம் இப்புழுவே.

சிறு துளையின் பெருவிசை

நீர்மட்டத்திற்குக் கீழேயுள்ள துளை வழியாக நீர் எவ்வளவு விரைவாகப் புகும்? இயற்பியல் பாடத்தில் நீங்கள் பயிலும் டாரிசெல்லி விதி இதற்கு விடை தருகிறது. விரைவு என்பது 2gh என்பதன் வர்க்கமூலம். இங்கு h என்பது நீர்மட்டத்திலிருந்து துளை இருக்கும் ஆழம். ஒரு மீட்டர் ஆழத்தில் இவ்விரைவு நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர். துளையின் விட்டம் 2 செ.மீ. என்று கொள்வோம். துளையின் விளிம்பில் நீர்த்தாரை சுருங்குவதால் கணக்கிட்ட அளவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடே உள்ளே வரும். அப்படியும் நிமிடத்திற்கு ஏறக்குறைய 50 லிட்டர் நீர் புகும். ஒரு மணி நேரத்தில் மூன்று டன். கட்டைவிரல் நுழையும் ஒரு துளைக்கு இந்த ஆற்றல்!

இதே கணக்கில் ஆறுதலான செய்தியும் உண்டு. ஆழம் கால் மீட்டராகக் குறைந்தால் விரைவு பாதியாகும். எனவே ஓட்டை ஒரு பக்கத்தில் இருந்தால், பாய்களை மாற்றிக் கலத்தை மறுபக்கம் சாயச்செய்து அந்த ஓட்டையை நீர்மட்டத்தை நோக்கி உயர்த்துவது கடலோடிகள் கையாளும் முதல் உத்தி. அடைப்பதற்கு முன்பே உள்வரும் நீர் குறைந்துவிடுகிறது. பழுது பார்க்க நேரமும் கிடைக்கிறது.

மெல்லிய கசிவு கலத்தை மூழ்கடிப்பதில்லை. நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் ஒரு நாளில் நான்கு லிட்டருக்குச் சற்று மிகுதியாகச் சேரும். ஒரு வாளி நீர்கூட இல்லை. ஆயினும் அதனை அசட்டை செய்தல் ஆகாது. அச்சொட்டு மழைநீராக இருந்தால் தீங்கு இன்னும் கூடுதல். உப்புநீரில் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சை எளிதில் வளராது. நன்னீரில் செழித்து வளரும். மரக்கலத்திற்குக் கடலைவிட மழையே கொடிது என்று சொன்னால் நம்புவதற்குக் கடினம்தான்; ஆனால் மூடிய மூலைகளில் மழைநீர் தேங்கி உளுத்துப்போன கலங்கள் எண்ணற்றவை.

தேடும் முறை

இக்காலப் பாய்ப்படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. அவற்றின் உடலில் பலகைப் பொருத்துகள் இல்லை. ஆகவே கசிவும் இராது என்று எண்ணத் தோன்றும். ஆனால் உடலில் மனிதர் இட்ட துளைகள் பல. மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பங்கள், கயிறு சுற்றும் உருளைகள், சாளரங்கள், பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பிவடங்களின் தகடுகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் போல்ட்டுத் துளைகள் உண்டு. கீழே, கடல்நீரை உள்ளெடுக்கவும் கழிவை வெளியேற்றவும் வால்வு பொருத்திய துளைகள் உண்டு. இயந்திரத்தின் சுழல்தண்டு உடலைத் துளைத்து வெளியேறுமிடம் இன்னொன்று. பழைய அமைப்பில் அத்தண்டைச் சுற்றி மெழுகூட்டிய கயிற்றுத் திரியை அடைத்திருப்பர். தண்டு சுழலும்போது நிமிடத்திற்கு இரண்டு மூன்று சொட்டு நீர் அங்கே விழத்தான் வேண்டும். அந்நீரே திரியைக் குளிர்விக்கிறது. அறியாதவர் அதையும் கசிவு என்று எண்ணி இறுக்கிவிட்டால், தண்டு தேய்ந்து உண்மையான கசிவு பிறக்கும்.

இத்தனை வாயில்களுள் குற்றவாளி எது என்று காண, முதலில் வேண்டியது நாக்கு. அடிக்குழியில் எண்ணெயும் அழுக்கும் கலந்திருக்கும். ஆதலால், ஒழுகும் இடத்திலிருந்து விழும் சொட்டையே விரல்நுனியில் தொட்டுச் சுவைத்துப் பார்க்க வேண்டும். கரித்தால் கடல்நீர். கரிக்காவிட்டால் அது மழைநீராகவோ கலத்தின் குடிநீர்த் தொட்டியிலிருந்து வந்ததாகவோ இருக்கும். குடிநீர்த் தொட்டியின் குழாய் கழன்றிருப்பதை அறியாமல், கலத்தின் அடிப்பகுதி முழுவதையும் ஐயுறுவோர் உண்டு. ஒரு சொட்டுச் சுவை பாதித் தேடலை மிச்சப்படுத்துகிறது. இதிலும் ஒரு பொறி உண்டு: மேல்தளத்தில் உலர்ந்து படிந்த உப்பைக் கரைத்துக்கொண்டு வரும் மழைநீரும் இலேசாகக் கரிக்கும்.

அடுத்து, எப்போது ஒழுகுகிறது என்று கேட்க வேண்டும். துறைமுகத்தில் அசையாமல் நிற்கும்போதும் நீர் ஏறுகிறதா? ஆமெனில், நீர்மட்டத்திற்குக் கீழே தேட வேண்டும். பயணத்தின்போது மட்டுமா? அப்படியென்றால் எந்தப் பக்கம் சாயும்போது? வலப்புறம் சாயும்போது மட்டும் ஒழுகினால், வலப்பக்கத்தில் உடலும் மேல்தளமும் சேரும் விளிம்பு நீரில் அமிழ்வது காரணமாகலாம். அல்லது அவ்வேளையில் இடப்பக்கத்துக் கம்பிவடம் பாய்மரத்தின் முழுச் சுமையையும் தாங்குவதால் அதன் தகடு மேல்தளத்தைத் துளைத்திறங்கும் இடம் நெகிழ்வது காரணமாகலாம். மழைக்குப்பின் மட்டும் என்றால், உள்ளீடற்ற பாய்மரத்தின் உள்ளேயே நீர் வழிந்து அடிக்குழிக்கு வருவதுண்டு. இவற்றையெல்லாம் நாள், நேரம், காற்று, சாய்வு ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதிவருபவர், கருவிப்பெட்டியைத் திறக்கும் முன்பே விடையை நெருங்கிவிடுவார்.

பின்னர், கலத்தின் உட்புறத்தை நன்றாக உலர்த்த வேண்டும். ஈரமான இடத்தில் புதிய ஈரத்தைக் காண இயலாது. உலர்ந்த பரப்பில் சுண்ணக்கட்டித் தூளையோ முகப்பூச்சு மாவையோ தூவினால், நீர் ஊர்ந்த தடம் கோடாகத் தெரியும். அக்கோட்டின் கீழ்முனையை விட்டுவிட்டு மேல்முனையை நோக்கிச் செல்ல வேண்டும். அடிக்குழியில் பட்டியால் சிறு வரப்புகள் எழுப்பிப் பாத்திபாத்தியாகப் பிரித்துவிட்டால், எந்தப் பாத்தியில் முதலில் நீர் சேருகிறது என்பது புலப்படும். வயலுக்கு வரப்பிட்டவர்களின் வழிவந்த நமக்கு இம்முறை அயலானது அன்று.

மேல்தளத்தை ஆராய ஒருவர் வெளியே குழாயால் நீர்விட, மற்றொருவர் உள்ளே இருந்து பார்க்க வேண்டும். நீரைத் தாழ்ந்த பகுதியில் விடத் தொடங்கி மெல்ல மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் கீழுள்ள எல்லாத் துளைகளையும் நனைத்துவிடும். எது ஒழுகியது என்று அறிய முடியாது. ஒவ்வோரிடத்திலும் பல நிமிடம் காத்திருத்தல் வேண்டும். இன்னொரு முறையில், கலத்தின் சாளரங்களை மூடி, காற்றூதியால் உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றே உயர்த்தி, வெளியே பொருத்துகளின்மீது சோப்புநீரைப் பூசுவர். காற்று வெளியேறும் இடத்தில் குமிழி எழும். மிதிவண்டிக் குழாயின் ஓட்டையை நீரில் அமிழ்த்திக் கண்டுபிடிப்பதும் இதே முறையில்தான்.

அடைக்கும் முறை

தேடல் சரியாக நடந்திருந்தால் அடைப்பது குறைந்த வேலை. ஒழுகும் போல்ட்டைச் சுற்றி மேலே பசையைப் பூசி மெழுகுவது பலரும் செய்வது. அது கூரைமேல் சிமெண்டு பூசியதற்கு ஒப்பானது. முறையான வழி, பொருத்தியதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, பரப்பைத் தூய்மை செய்து, புதிய பசையிட்டு மீண்டும் பொருத்துவதே. மேல்தளத்தின் இரு கண்ணாடியிழைத் தகடுகளுக்கிடையே இலேசான மரம் வைக்கப்பட்ட கலங்களில், துளையின் வழியே புகுந்த நீர் அம்மரத்தைச் சத்தமின்றி உளுக்கச் செய்யும். அங்குத் துளையைப் பெரிதாக்கி, எப்பாக்சிப் பசையால் நிரப்பி இறுகவிட்டு, அந்த இறுகிய பசையின் நடுவே மீண்டும் துளையிடுவர். இனி நீர் புகுந்தாலும் மரத்தைத் தொடாது. பசையிட்டு நட்டை முறுக்கும்போது முதலிலேயே முழுவதும் இறுக்கினால் பசை முழுவதும் வெளியே பிதுங்கி, வெறும் உலோகமே எஞ்சும். மெல்லிய படலம் ஒன்று இடையில் தங்கவேண்டும்.

கடல் நடுவே இவ்வளவு நிதானம் கிடைக்காது. 1770ஆம் ஆண்டு சூன் 11 இரவில், ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையோரப் பவளப்பாறைத் தொடரில் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் ஏறி நின்றது. ஆறு பீரங்கிகள் உட்பட நாற்பது ஐம்பது டன் எடையைக் கடலில் எறிந்தனர். ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, ஓதம் உயர்ந்தபோது கப்பல் விடுபட்டது. இடையே நீரிறைக்கும் பம்புகள் மூன்று இடைவிடாது இயங்கின, நான்காவது பழுது.

அப்போது நேர்ந்த ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. கப்பலின் அடியில் நீராழத்தை அளந்துகொண்டிருந்தவர் மாறினார். முன்னவர் உட்பலகையின் மேலிருந்து அளந்தார். பின்னவர் அதனை அறியாமல் வெளிப்பலகையிலிருந்து அளந்தார். இரண்டுக்கும் பதினாறு முதல் பதினெட்டு அங்குல வேறுபாடு. நீர் திடீரென உயர்ந்துவிட்டதாக எண்ணிக் கப்பலிலிருந்தோர் நடுங்கினர். உண்மை தெரிந்ததும் புத்துயிர் பெற்றவர்களாய் முன்னிலும் விரைவாக இறைத்தனர். எங்கிருந்து அளக்கிறோம் என்பதைச் சொல்லாத அளவு, அளவே அன்று.

பிறகு, ஜோனதன் மங்க்ஹவுஸ் என்னும் இளைய அலுவலர் தாம் முன்பு ஒரு வணிகக் கப்பலில் கண்ட முறையைச் செயற்படுத்தினார். பழைய பாய் ஒன்றின்மேல் நார்ச்சிம்பையும் ஆட்டுமயிரையும் துணித்துக் கைப்பிடி கைப்பிடியாக ஒட்டி, சாணத்தைப் பரப்பி, கயிறுகளால் கப்பலின் அடியில் இழுத்தனர். உட்புகும் நீரின் விசையே அவற்றை ஓட்டைக்குள் இழுத்து அடைத்தது. அதன்பின் ஒரே பம்பு போதுமானதாயிற்று. கப்பலை ஓர் ஆற்றுமுகத்தில் கரையேற்றிப் பார்த்தபோது, உடைந்த பவளத்துண்டு ஒன்று ஓட்டையிலேயே செருகி நின்றது தெரிந்தது. அது மட்டும் இடையில் கழன்றிருந்தால் எண்டெவர் மிதந்திருக்க இயலாது. கடலில் எறிந்த அந்த ஆறு பீரங்கிகள் 1969ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டன.

மும்பையில் பிறந்த சுகைலி

அதே 1969இல் மற்றொரு கலம் உலகைச் சுற்றி முடித்தது. பெயர் சுகைலி, 32 அடி நீளம், தேக்கு மரத்தாலானது. மும்பையில் இந்தியத் தச்சர்கள் வாய்ச்சியும் கைத்துளைப்பானும் கொண்டு கட்டிய பாய்ப்படகு அது. அதன் உரிமையாளர், வணிகக் கப்பல் அலுவலராகப் பணியாற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். எங்கும் நிற்காமல், தனியொருவராக, உலகைப் பாய்மரத்தில் சுற்றிவரும் போட்டியை இலண்டனின் சண்டே டைம்ஸ் இதழ் அறிவித்திருந்தது. 1968 சூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திலிருந்து அவர் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 29.

சில வாரங்களிலேயே அடிக்குழியில் நீர் மிகுந்தது. நாளுக்கு இருமுறை இறைக்க வேண்டியிருந்தது. பயணத்தின் கடுமையான பகுதியாகிய தென்பெருங்கடல் இன்னும் வரவில்லை. கேப் வெர்டே தீவுகளைக் கடந்தபின் கடல் அமைதியாக இருந்த ஒரு நாளில் அவர் நீரில் குதித்து அடியில் பார்த்தார். அடிமரத்தை ஒட்டிய முதற்பலகையின் பொருத்துவாய், பெரிய பாய்மரத்தின் அருகே ஏறத்தாழ எட்டடி நீளத்திற்குத் திறந்திருந்தது. மறுபக்கத்திலும் அவ்வாறே. கலம் அலையில் ஏறி இறங்க, அந்த இடைவெளி மெல்ல விரிந்து சுருங்கியது.

கரையில் கலப்பற்றுக்காரர் நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலையை, அவர் மூச்சடக்கும் சிறுபொழுதுகளில் செய்ய வேண்டியிருந்தது. சுறாவின் பார்வையில் உடலின் வெண்மை படாதிருக்கக் கருநிற உடைகளை அணிந்துகொண்டார். சுத்தியலைக் கயிற்றில் கட்டிக் கீழே தொங்கவிட்டார். முதலில் பஞ்சை நேரடியாக இடுக்கில் திணித்துப் பார்த்தார். மூச்சு வாங்க மேலே வந்து மீண்டும் இறங்குவதற்குள் பஞ்சு கழன்று வந்தது. பலகைகள் அசைந்துகொண்டிருக்கும்போது பஞ்சுக்குப் பிடிமானம் இல்லை.

எனவே வேலையின் வரிசையை மாற்றினார். கலத்தின் மேலே அமர்ந்து, ஒன்றரை அங்குல அகலத்தில் கித்தான் பட்டையை வெட்டி, அதனோடு பஞ்சைத் தைத்து, தாரில் தோய்த்தார். பட்டை நெடுகிலும் செப்பு ஆணிகளை முன்கூட்டியே குத்திவைத்தார். நீருக்கடியில் செய்ய வேண்டியதை மிகச் சிறிதாக்கிவிட்டார் என்பதே இதிலுள்ள நுட்பம். கீழே சென்று பஞ்சை இடுக்கில் பொருத்தி ஆணிகளை அடித்தால் போதும். அதன்மேல் செப்புத் தகட்டையும் அறையத் திட்டமிட்டார். வானொலிக் கருவி பொருத்த வந்தவர்கள் கலத்தில் விட்டுச்சென்ற செப்பு மிச்சம் அதற்கு உதவியது. இடையே சுறா ஒன்று கலத்தைச் சுற்றியது. துப்பாக்கியால் அதனைச் சுட்டு, வேறு சுறாக்கள் வருகின்றனவா என்று காத்திருந்து பார்த்தபின் மீண்டும் நீரில் இறங்கினார். ஒரு பக்கம் முடிந்தது. பிறகு கடல் மீண்டும் அமைதியடைந்தபோது மறுபக்கத்தையும் அடைத்தார். கசிவு பெரிதும் குறைந்தது. பழுதுபட்ட பாய்களோடும் உப்புக்கறையோடும் சுகைலி 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத்தை வந்தடைந்தபோது 312 நாள்கள் கழிந்திருந்தன. போட்டியில் புறப்பட்ட ஒன்பது பேரில் பயணத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

அந்த ஒன்பது பேரில் டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரும் ஒருவர். மூன்று உடல்களைக் கொண்ட அவருடைய புதுக்கலம், புறப்படுவதற்கு அனுமதிக்கப்பட்ட இறுதி நாளான 1968 அக்டோபர் 31 அன்று அரைகுறை ஆயத்தத்துடன் கடலில் இறங்கியது. பக்கவாட்டு மிதவையின் மூடி வழியே நீர் புகுந்தது. பம்பு இருந்தது; நீரை உறிஞ்சும் குழாய் கலத்தில் ஏற்றப்படவில்லை. கொந்தளிப்பில் மூடியைத் திறந்து வாளியால் இறைக்க வேண்டியிருந்தது. இந்நிலையில் தென்பெருங்கடலுக்குச் செல்வது சாவைத் தேடிச் செல்வது என்பதை அவர் உணர்ந்தார். கடன்சுமையோ திரும்பிவர விடவில்லை. அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலியில் அறிவித்தார். 1969 சூலை 10 அன்று கலம் மட்டும் ஆளின்றி மிதந்துகொண்டிருந்தது. போட்டியில் தமக்குக் கிடைத்த 5000 பவுண்டு பரிசை நாக்ஸ்-ஜான்ஸ்டன், குரோஹர்ஸ்டின் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் வழங்கினார்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ நீர் ஒழுகும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரக் குறிப்பேடு எழுதுக. ஈரம் தெரிந்த இடத்தையும் நீர் புகுந்த இடத்தையும் வரைபடத்தில் குறித்து வகுப்பில் விளக்குக.

உங்கள் ஊரில் படகு கட்டுவோரையோ தச்சரையோ சந்தித்து, தொழில் தொடர்பான சொற்களைத் தொகுக்க. அவற்றுள் அகராதியில் இடம்பெறாதவற்றைத் தனியே பட்டியலிடுக.